நகர்த்தித்தான் ஆகவேண்டும்

அப்பாவுக்கு நாமக்கல்லில் இருதய ஆபரேஷன் நடந்த அன்று நான் மலைமேல் வளப்பூர் நாட்டு ஊரொன்றில் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன்.

மலைப்பாதையில் மண் சரிந்து மூன்று நாளாக பஸ் இல்லை. மேலிருந்து கல் உருண்டுகொண்டே இருந்ததால் நடந்து இறங்கவும் விடவில்லை. போன் சிக்னலும் செத்துவிட்டது. காலையிலிருந்து அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த என்னை, வீட்டுக்கார அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். மிளகுத் தோட்டத்துக்குப் போகமுடியாத மழை. மகள் பள்ளியில் படித்தபோது அவளோடு ஆடிப் பழகியவர் அவர். ஒருமுறைகூட நான் அவரை ஜெயித்ததில்லை.

“நடந்து என்னங்க டீச்சர் ஆகப்போகுது? வந்து உக்காருங்க,” என்று பலகையை விரித்தார்.

மதியத்துக்குள் காய்கள் தீர்ந்துவிட்டன. ஆளுக்கொரு ராஜா. ஓரத்தில் அவருடைய சிப்பாய். எதிரே ஒரு கட்டம் தள்ளி என்னுடையது. நடுவில் எனக்கு இன்னொரு சிப்பாய். மறிக்கச் சிப்பாய் இல்லாமல் ஓடிவந்தது, ராணியாக ஒரே கட்டம் பாக்கி. அந்தக் கட்டத்தில் அவருடைய ராஜா அடைத்துக்கொண்டு நின்றது.

நான் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். இரண்டும் முட்டிக்கொண்டன. இனி அவர் ராஜாவைத்தான் நகர்த்தவேண்டும். நகர்த்தினால் என் வழி திறந்துவிடும்.

அக்கா கையை நீட்டினார். இழுத்துக்கொண்டார்.

“இந்தத் தடவ நான் ஆடலீன்னா?”

“ஆடித்தான் ஆகணும்க்கா.”

“அட, சும்மா இருந்தாத் தப்பிச்சுக்குவனுங்களே!”

அவருக்கு நிற்க வழியில்லை. எனக்கு மூன்று நாளாகப் போக வழியில்லை.

வெகுநேரம் கழித்து ராஜாவை ஒதுக்கினார். என் ராஜா முன்னேறிக் கடைசிக் கட்டத்துக்குக் காவல் நின்றது. அடுத்த நகர்த்தலில் சிப்பாய் ராணியானது. “ஜெயிச்சுட்டேன்!” என்று கத்திக் கைதட்டினேன்.

கத்திய பிறகுதான் அப்பா நினைவுக்கு வந்தார். ஒரு மணி நேரமாக அவரை மறந்தே போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் ஆகாது கண்ணு.”

சாயங்காலம் சிக்னல் வந்தது. “நல்லபடியா முடிஞ்சுதுக்கா,” என்றான் போனில் என் தம்பி. “உள்ள கூட்டிட்டுப் போறப்ப உன்னத்தான் கேட்டாரு.”

பாதை திறக்க இன்னும் இரண்டு நாளானது. வார்டில் அப்பா மெல்லக் கேட்டார்: “அத்தன நாளும் தனியா என்ன கண்ணு பண்ணுன?”

“மழையப் பாத்துட்டு உக்காந்திருந்தேம்ப்பா,” என்றேன்.