வாவிக்குள் இருந்து பார்த்த விளக்கு

ஒரு சிறுமியின் விரல் சுவிட்சைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பென்சிலால் வரைந்த அந்தத் தாளைச் சட்டம் போட்டு, கொழும்பில் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அறைக்கு வருகிறவர்கள் நகத்தைக்கூட எவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறார்கள் என்பார்கள். அது என் மச்சாள் வரைந்து, அவளே வேண்டாம் என்று ஒதுக்கிய படம் என்று நான் சொல்வதில்லை. சொன்னால், அன்று நான் பிடித்த சண்டையையும் சொல்ல வேண்டிவரும்.

மச்சாள் என் மாமாவின் மகள்; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட ஆறு மாதம் இளையவள். மட்டக்களப்பில், புளியந்தீவில் இருந்த ஒரு நிறுவனத்தில் இருவரும் ஒரே வகுப்பில் அனிமேஷன் படித்தோம். இறுதிப் பயிற்சிக்கு, இரண்டு பேராகச் சேர்ந்து ஒன்றரை நிமிடப் படம் ஒன்று செய்ய வேண்டும். தலைப்பு மின்சாரச் சிக்கனம். தேர்வாகும் படத்தை வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களில் காட்டப்போவதாகவும் சொல்லியிருந்தார்கள். அதுவோ ஓயாத மின்வெட்டுக் காலம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் படத்தைச் செய்ய எங்களிடம் மின்சாரம் இல்லை. கரண்ட் வரட்டும் என்று நான் கணினிக்கு முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். மச்சாள் போய்த் தன் வீட்டின் கிழக்குச் சன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டினாள். வெயில் பின்னால் இருந்து அடிக்க, முந்திய படத்தின் கோடுகள் மேல்தாளில் தெரிந்தன. அதைப் பார்த்து அடுத்த படத்தை ஒரு நூலளவு நகர்த்தி வரைந்தாள்.

"சூரியனுக்கு ஆரும் கரண்ட் வெட்டேலாதுகா மச்சாள்," என்று சிரித்தாள்.

ஒரு விநாடி அசைவுக்குப் பன்னிரண்டு படம். வரைவது அவள் வேலை. அவற்றைக் கைபேசியில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கோப்பது என் வேலை. எனக்குப் பொறுமை மட்டு. ஒரு கோடு பிசகினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நச்சரிப்பேன். அவள் அழித்துவிட்டு மறுபடி வரைவாள். வானம் இருட்டினால் கோபிக்காமல் உட்கார்ந்து பென்சில் சீவுவாள். அப்படி ஒரு நிதானத்தை நான் அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

படத்தில் ஒரு சிறுமி வீடு முழுவதும் நடந்து, வீணாக எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பாள். கடைசியாக, தோணி கட்டும் துறையில் கம்பத்தில் எரிகிற பல்பையும் அணைப்பாள். ஊரே இருளும், நட்சத்திரங்கள் தெரியும். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. ஒப்படைக்க ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அதை மாமாவிடம் காட்டினோம். இரவில் வாவியில் மீன்பிடிக்கிறவர் அவர். கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்திவிட்டுக் கைபேசியை வாங்கி, இரண்டு தரம் பார்த்தார்.

"நல்லா இரிக்கு புள்ள. ஆனா துறையடி லைற்றையும் நூத்துப்போட்டா, மறுகா நாங்க எந்தத் துறையில வந்து ஏறுற?"

மச்சாளின் முகம் வெளிறியது. பிறந்ததில் இருந்து அந்த விளக்கின் கீழ் விளையாடியவள் அவள். "நான் அத வீட்டுப் பக்கத்தால மட்டுந்தானே பாத்திரிக்கன்," என்றாள் மெதுவாக. பிறகு கடைசி இருபது விநாடிக்குரிய படங்கள் அத்தனையையும் கட்டி மூலையில் வைத்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இருநூற்று நாற்பது படம்! பரீட்சைப் புள்ளி எனக்கும் சேர்த்துத்தானே போகும்? விசரி என்று ஏசினேன்.

"இதப் பாத்துட்டு ஒரு சின்னப்புள்ள லைற்ற நூத்தா, அந்தத் தோணிக்கு ஆரு பதில் சொல்ற?" என்று மட்டும் கேட்டாள். அப்போதும் நான் ஏசுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் மாமாவோடு தோணியில் போய், விடியும் முன், கரண்ட் இருந்த நேரத்தில், அவள் கரையைத் தண்ணீரில் இருந்து பார்த்தாள். திரும்பி வந்தவள் சொன்னது இதுதான்: கரையெல்லாம் கடைகளும் வீடுகளும் வீணாக வெளிச்சம் போட்டிருந்ததில், தன் வீட்டுத் துறை விளக்கைத் தேடிப் பிடிக்கவே அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. புதிய முடிவு அங்கேயே பிறந்துவிட்டது. சிறுமி மற்ற விளக்குகளை அணைக்க அணைக்க, துறை விளக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும். ஒரு தோணி அதை நோக்கித் திரும்பும். விரல்கள் வீங்க எட்டு நாள் வரைந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் பிடித்தேன். வர்ணம் பூச நேரம் போதாமல் கடைசிப் பகுதி வெறும் பென்சில் கோடாகவே போனது. அதற்குப் புள்ளியும் குறைத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் வேறு படந்தான் போனது. மாமா மட்டும் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப வந்து ஏறலாம்," என்றார். மச்சாளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அவள் செய்ததுதான் சரி என்று என் வாயால் ஒருநாளும் சொல்லவில்லை.

போன வாரம் சட்டத்தின் கண்ணாடி வெடித்துவிட்டதால் தாளை வெளியே எடுத்தேன். சண்டை பிடித்த பிறகு ஒரு நாள், அவள் ஒதுக்கிய தாள்கட்டுக்குள் இருந்து நான் உருவிக்கொண்டு வந்த தாள் அது. இத்தனை வருடமும் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. அங்கே அவசரக் கோடுகளில் ஒரு தோணி. வாவியில் இருந்து வந்த கையோடு, கிடைத்த தாளில் கீறியிருக்க வேண்டும். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாய்த் தெரிந்தன. துறை விளக்கின் சுவிட்சை அமர்த்தப்போகிற விரலுக்கு நேர் கீழே, மாமா தனியே துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார்.

உடனே அவளை வீடியோவில் அழைத்தேன். இப்போது மட்டக்களப்பிலேயே பிள்ளைகளுக்கான படங்கள் வரைகிறாள். தாளைத் தூக்கிக் காட்டி, "மச்சாள், அண்டைக்கு நீ செஞ்சதுதான் சரி. உன்ன ஏசினதுக்கு மன்னிச்சுக்க," என்றேன்.

அவள் கண் கலங்கியது. பிறகு திரையில் என் தோளுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தாள்.

"அது கிடக்கட்டும்கா. பட்டப்பகல்ல உனக்குப் பின்னால ஏன் லைற் எரியுது?"

எழுந்து போய்ச் சுவிட்சில் விரலை வைத்தேன்.