அக்காவின் எண்ணூறு மீட்டர்

எங்கள் அக்காவைப் போல ஓடுகிறவர்கள் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்திலேயே கிடையாது. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரே சொன்னார். எண்ணூறு மீட்டரில் இந்த வருஷம் மாவட்டக் கோப்பை நமக்குத்தான் என்று எல்லா வகுப்புகளிலும் அறிவித்துவிட்டு, மாலையில் மைதானத்தில் அக்காவை ஓடவிட்டு விசிலோடு நிற்பார். நானும் பக்கத்தில் போய் நிற்பேன், அந்த ஓட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதுபோல.

அந்தப் புரட்டாசியில், சம்பா நடவு நேரத்தில், கூலி உயர்வு கேட்டு எங்கள் தெரு ஆட்கள் மிராசுதாரர் வயலில் இறங்க மறுத்தார்கள். ஊரெங்கும் கொடி, கூட்டம், போலீஸ் வேன். வீட்டில் கஞ்சி நீர்த்துக்கொண்டே வந்தது. அக்காவின் ஓட்டமும் தளர்ந்தது. அவளுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று முடிவுகட்டிய வாத்தியார், கூடுதலாகச் சுற்றவைத்தார். ஒரு நாள் கண் இருண்டு விழுந்தாள். கணுக்கால் பிசகி, பூசணிப் பிஞ்சு போல வீங்கிவிட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா காலைப் பார்ப்பதற்கு முன் அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார்.

"இது சோம்பல் இல்ல சார், சோகை. வளர்ற பொண்ணு, ஒடம்புல ரத்தம் இல்ல. இப்படியே ஓடவிட்டா இன்னைக்குக் கால் பிசகுச்சு, நாளைக்கு எலும்பே விட்டுடும். நான் சொல்ற வரைக்கும் ஓடக்கூடாது."

வாத்தியார் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மாத்திரையோடு கீரை, முட்டை, ஈரல் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினாள். ஈரல் என்ற சொல்லைக் கேட்டே எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

விஷயம் மிராசுதாரர் காதுக்குப் போயிற்று. கோப்பை ஊருக்கு வரவேண்டும் என்பதில் அவருக்கும் ஆசைதான். அவருடைய காரியக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பொண்ணுக்குப் பாலும் முட்டையும் தெனம் அனுப்பறேங்கறாங்க ஐயா. ஊருக்கே பெருமையில்ல? நீ மட்டும் நாளைக்கு நாலு ஆளைக் கூட்டிக்கிட்டு நடவுல எறங்கிடு, போதும்."

அப்பா கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"எனக்குப் பால் புடிக்காதுப்பா" என்றாள் அக்கா.

எனக்கு அவள்மேல் ஒரே கோபம். முட்டையாவது பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து தெருவே சமையல்காரியாகிவிட்டது. ஒரு வீட்டு முருங்கைக்கீரை, இன்னொரு வீட்டுக் கோழியின் ஒற்றை முட்டை. பிள்ளைகள் வாய்க்கால் வரப்பெல்லாம் தேடி நத்தையும் நண்டும் பிடித்து வந்தோம். அந்தப் படைக்கு நானே தளபதி. நத்தையைக் கண்டு அக்கா முகம் சுளித்தால், "கோப்பை வேணுமா, வேணாமா?" என்று அதட்டுவேன். மழை தொடங்கும் முன்பே கூலிப் பேச்சு முடிந்தது. கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது. டாக்டரம்மா முதலில் நடக்கச் சொன்னார், பிறகு மெதுவாக ஓடச் சொன்னார். வாத்தியாரும் மாறியிருந்தார். விசில் ஊதுவதற்கு முன், "இன்னைக்கு என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்கப் பழகிவிட்டார்.

பொங்கல் கழிந்து தஞ்சாவூரில் போட்டி. பாதித் தெரு பஸ் ஏறி வந்துவிட்டது. முதல் சுற்றில் அக்கா எல்லோருக்கும் பின்னால். நான் அழத் தயாரானேன். அவளோ அவசரப்படவே இல்லை. கடைசி வளைவில் கான்வாஸ் ஷூ போட்ட பெண்களை ஒவ்வொருத்தியாகக் கடந்து, வெறுங்காலோடு முதலாவதாக வந்து சேர்ந்தாள். அப்பா துண்டை உதறி வானத்தில் வீசினார். அது யார் தலையிலோ விழுந்தது.

பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் மிராசுதாரர் பெரிய ரோஜா மாலையோடு எழுந்து வந்தார். "குனிம்மா, குனி" என்று வாத்தியார் கிசுகிசுத்தது முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. அக்கா குனியவில்லை. நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். மிராசுதாரர் கொஞ்ச நேரம் மாலையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதை அவள் கைகளில் வைத்தார். பின்னால் நின்றிருந்த எங்கள் தெருவிலிருந்து கைதட்டல் கிளம்பியது, ஓயவே இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நானும் கை வலிக்கத் தட்டினேன். காலையில் அம்மா பாடுபட்டுப் பின்னிவிட்ட சடை, மாலை விழுந்தால் கலைந்துவிடுமே என்றுதான் அக்கா குனியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.