உள்ளுக்கை ஒண்டும் நிக்காதுதானே?

மூன்று வருடங்களுக்கு முன்னர், சோளகக் காற்று வீதிப் புழுதியையெல்லாம் வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஆடி மாதத்தில் இது நடந்தது. கிளிநொச்சியில் அரச அலுவலகங்கள் இருக்கிற பக்கமாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. காலையில் அந்தக் கடையில் தொடங்கி, பின்னேரம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முடிந்த ஒரு நாள் கதை. பலருக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கக் கொடுக்கும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "உள்ளுக்கை ஒண்டும் நிக்காதுதானே?" அதாவது, கொப்பி எடுத்த பிறகு தங்கள் அட்டையின் படம் மெசினுக்குள் தங்கிவிடாதுதானே என்று. வெளியூர் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எங்களுடைய பேப்பர் அடுத்தவர் கையில் இருக்கிறது என்றால் எங்களுக்கு இரவில் நித்திரை வராது. ஏனென்று இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். அக்கா சலிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வார். "ஒண்டும் நிக்காது பிள்ளை. வெளிச்சம் போய் வாறதோட சரி."

எங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. லமினேற் பண்ணுவது. இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் என்னுடைய பிறப்புச் சான்றிதழ் தண்ணீரில் ஊறிக் கூழாகிப் போனது. அதைத் திரும்ப எடுக்க நான் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெறுமதியான எந்தக் காகிதமும் பிளாஸ்ரிக் உறை இல்லாமல் இருந்ததில்லை. காணி உத்தரவுப் பத்திரம், கலியாணப் பதிவு, தண்ணீர் மோட்டாரின் உத்தரவாத அட்டை என்று எல்லாம் லமினேற் பண்ணி ஒரு பையில் இருக்கும். அந்தப் பை அலுமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருக்கும். சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகியும் தட்டு மாறவில்லை.

நான் சொல்லும் அந்த ஆடி மாதத்துக்கு முந்திய வருடம் எனக்கு ஒரு பிள்ளை உண்டாகி, ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. மகள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நான் மயக்கத்திலிருந்து எழும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது. பார்த்தால் தாங்கமாட்டேன் என்று என்னுடைய ஆட்கள் முடிவெடுத்து, எனக்கு அவளைக் காட்டவேயில்லை. கணவர்தான் கையில் வாங்கினார். அவர்தான் கொண்டுபோய் அடக்கம் செய்தார். அதற்குப் பிறகு அவளைப்பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் கேட்டால் எழும்பி வெளியே போய்விடுவார். அவருக்கு மேசன் வேலை. அந்த வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார்.

ஆகவே என்னுடைய மகளின் முகம் என்று எனக்கு இருந்தது ஸ்கான் எடுத்தபோது தந்த ஒரு சின்னப் படம் மட்டும்தான். பக்கவாட்டில் திரும்பிய முகம். நெற்றி, மூக்கு, வாய்க்குக் கிட்ட ஒரு கை. வழவழவென்ற மெல்லிய கடதாசி. எடுத்தால் தானாகச் சுருளும். நாளாக நாளாக அது மங்குகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அதுதான் பயமாகப் போய்விட்டது.

நான் பால் சேகரிக்கும் நிலையமொன்றில் வேலை செய்கிறேன். பால் ஊற்றுகிறவர்களின் அட்டைகளை லமினேற் பண்ண அங்கே ஒரு சின்ன மெசின் இருக்கிறது. அன்று காலைப் பால் வண்டி போன பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, படத்தை உறைக்குள் வைத்து மெசினுக்குள் கொடுத்தேன். இனி மங்காது, சுருளாது, நனையாது என்று எவ்வளவு சந்தோஷத்தோடு கொடுத்தேன் தெரியுமா? மற்றப் பக்கத்தால் வந்தது கன்னங்கரேலென்ற ஒரு துண்டு. நெற்றி இல்லை, மூக்கு இல்லை, ஒன்றுமே இல்லை. மெசினுக்குள் ஏதோ மாறிப் போய்விட்டது என்று நினைத்துக் குனிந்து உள்ளே பார்த்தேன்.

ஸ்கான் எடுத்த இடத்துக்குப் போன் பண்ணினேன். அவ்வளவு பழைய படங்கள் வைத்திருப்பதில்லை என்றார்கள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கொப்பிக் கடைக்கு ஓடினேன். கறுத்ததை வெளுப்பாக்க அந்த அக்காவுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை.

அக்கா உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இது சூட்டிலை அச்சாகிற கடதாசி. லமினேற் சூடு பட்டா முழுக்கக் கறுத்துப்போம். இதிலை இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் வெளியே போய் நின்றார்கள்.

அக்கா கதிரையை இழுத்து என்னை இருத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இதை நீர் ஒருக்கா என்னட்டைக் கொப்பி எடுத்தனீரெல்லே?"

எடுத்திருந்தேன். என்னை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது கிளினிக் காகிதங்களோடு ஸ்கான் படத்தின் கொப்பியும் கேட்டிருந்தார்கள். அந்தக் கொப்பி ஆஸ்பத்திரிக் கோப்போடு போய்விட்டது. "அது வராது அக்கா" என்றேன்.

"கடதாசியைச் சொல்லேல்லை" என்றார் அக்கா. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உமக்கு ஒண்டு சொல்லவேணும். நான் எல்லாருக்கும் சொல்லுறனான், உள்ளுக்கை ஒண்டும் நிக்காது எண்டு. அது பிழை. நிண்டிருக்கு."

பழைய காலத்து மெசின்களில் உண்மையாகவே ஒன்றும் நிற்பதில்லையாம். அக்கா பிறகு இரண்டாம் கையாக வாங்கிய பெரிய மெசினுக்குள் கொம்பியூட்டருக்குள் இருப்பது போல ஒரு ஹாட் டிஸ்க் இருந்திருக்கிறது. கொப்பி எடுக்கிற ஒவ்வொன்றையும் படமாக்கி அதற்குள் வைத்துக்கொள்ளும்படி, அதை முன்பு வைத்திருந்த யாரோ ஏற்பாடு செய்து விட்டிருக்கிறார்கள். மூலப் பிரதியைத் தேடாமல் திரும்ப ஒரு கொப்பி எடுக்கலாம் என்பதற்காக எங்கோ ஒரு பெரிய அலுவலகத்தை நினைத்துக் கண்டுபிடித்த வசதி. கிளிநொச்சிச் சனம் என்ன கேட்கும் என்று கண்டுபிடித்தவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதங்களுக்கு முன்னர் தவறுதலாக ஒரு பொத்தானை அழுத்தியபோது, எப்போதோ வந்துபோன ஒருவரின் அடையாள அட்டை அச்சாகி வந்ததாம். அன்றுதான் அக்காவுக்கே தெரிந்திருக்கிறது. "பொய்க்காரியாப் போனன் தங்கச்சி. எத்தினை சனத்துக்குச் சொல்லியிருப்பன்" என்றார்.

உடனே வேறு மெசின் எடுத்துவிட்டு, பழையதை வவுனியாவில் மெசின் திருத்தும் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். விற்பதற்கு முன்னர் உள்ளே இருப்பதெல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். என் பிள்ளையின் முகம் இந்த உலகத்தில் மிச்சமிருந்தால் அது அந்த மெசினுக்குள்தான் இருக்கிறது, அதையும் அழிக்கச் சொல்லியாகிவிட்டது.

அக்கா போனை எடுத்தார். நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார். "தம்பி, அந்த மெசினிலை கை வைச்சிட்டீரோ?"

"இன்னும் இல்லை அக்கா. இண்டைக்குப் பின்னேரம் வாங்கின ஆக்கள் ஏத்த வருகினம். அதுக்கு முதல் அழிச்சுப்போடுவன், யோசியாதேங்கோ."

அக்கா விஷயத்தைச் சொன்னார். "அதுக்கென்ன, நானே தேடிப் பாத்துப் போனிலை அனுப்பிவிடுறன்" என்றார் அவர்.

"நீர் ஒண்டையும் பாக்கவேண்டாம். நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, அக்கா கடையைப் பூட்டினார். திங்கட்கிழமை காலை, கடை நிறையச் சனம் வருகிற நேரம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்கிற நிலையில் நான் இல்லை.

இருவரும் வவுனியா பஸ் ஏறினோம். மாங்குளத்தில் பஸ் நின்றபோது அக்கா ஒரு போத்தல் தண்ணீர் வாங்கித் தந்தார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தை வந்ததும் என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. இப்போது அங்கே யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் கை போகும். திரும்பிப் பார்த்தால் அக்காவின் கையும் பைக்குள்தான் இருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுதும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திருத்துகிறவரின் கடை பின் வீதியில் இருந்தது. பழைய மெசின்களின் நடுவே எங்களுடையது, விற்பதற்காகத் துடைத்து மினுக்கப்பட்டு நின்றது. அவர் மின்சாரத்தைக் கொடுத்துச் சின்னத் திரையைத் திறந்ததும், அக்கா அவருக்கும் திரைக்கும் நடுவில் போய் நின்றார். "எப்பிடித் தேடுறதெண்டு மட்டும் சொல்லும், தம்பி" என்றார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, நான் என்ன களவோ எடுக்கப்போறன்?" என்றார்.

"நீர் நல்ல பிள்ளைதான். ஆனா இது உம்மடையும் இல்லை, என்ரையும் இல்லை."

படங்களுக்குப் பெயர் இல்லை. எடுத்த திகதி மட்டும்தான் இருந்தது. நல்லவேளை, கைப்பையில் இருந்த என்னுடைய கிளினிக் அட்டையில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய திகதி இருந்தது; கொப்பி எடுத்ததும் அன்றுதான். அதுவும் லமினேற் பண்ணின அட்டைதான். அக்கா முந்தானையால் திரையின் பாதியை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். நான் பின்னால் நின்றேன். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் போய்விடும். மரணச் சான்றிதழ்கள், காணிக் காகிதங்கள், பள்ளிக்கூட அனுமதிகள். ஓரிடத்தில் ஓர் இளைஞனின் முகம், தாள் முழுவதும் பெரிதாக்கப்பட்டிருந்தது. காணாமற்போன மகனைக் கேட்டு, வீதியோரப் போராட்டக் கொட்டிலில் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் அம்மாவை எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவர் விரல் ஒரு கணம் நின்று பிறகு தள்ளியது.

"தங்கச்சி, வாரும்" என்றார் அக்கா கடைசியில்.

இருந்தாள். நெற்றியும் மூக்கும் வாய்க்குக் கிட்டக் கையுமாக அப்படியே இருந்தாள். நான் அந்தத் திரையைக் கையால் தடவினேன். திருத்துகிறவர் அவசரமாக, "தொடாதேங்கோ, வேற படம் மாறிப்போம்" என்றார். பிறகு அவரே ஒரு நல்ல கடதாசியாகத் தேடி எடுத்து மெசினுக்குள் வைத்தார். அச்சாகி வந்த தாளை எடுத்தபோது சுடுசுடென்று இருந்தது. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். "இது தூளாலை அச்சாகிறது, சூட்டுக்குக் கறுக்காது" என்று அக்கா சொன்ன பிறகுதான் கையில் வாங்கினேன். அக்கா புதிய பென் டிரைவ் ஒன்றை வாங்கி, அந்த ஒரு படத்தை மட்டும் அதிலும் போட்டுத் தரச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கொட்டிலில் இருக்கும் அந்த அம்மா மனதில் நின்றார். "அக்கா, மற்றதையும் ஒரு டிஸ்கிலை எடுத்து வைச்சா என்ன? நாளைக்கு என்னை மாதிரி ஒராள் அழுதுகொண்டு வந்து நிண்டா?"

அக்கா திரையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது மனதில் ஓடியிருக்க வேண்டும். பிறகு சொன்னார். "அவையள் என்னட்டைக் கொப்பி எடுக்கத்தான் தந்தவை. வைச்சிருக்கச் சொல்லித் தரேல்லை."

எனக்கு அது அன்று முழுதாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிடைத்தவளுக்கு எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் போலத்தான் இருக்கும். அக்கா திருத்துகிறவரிடம் அழிக்கச் சொன்னார். அது கனநேரம் ஓடியது. மெசின் ஏற்ற வந்தவர்கள் வெளியே ஹோர்ன் அடித்தார்கள். அக்கா அசையவில்லை. முடிந்தது என்று திரையில் வந்த பிறகு, அந்தப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லி, ஒன்றுமே இல்லை என்று பார்த்த பிறகுதான் எழும்பினார். நினைத்திருந்தால் நான் முன்னமே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் என்னுடைய தாளை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். அந்த அம்மாவிடம் மூலப் படம் இருக்கிறதுதானே என்று வழியில் கேட்டேன். "ஓம், மாதாமாதம் கொண்டுவாறவா. கையிலை இருந்து விடமாட்டா" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கிணற்றடியில் சீமெந்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தாளை நீட்டினேன். அவர் சாரத்தில் கையைத் துடைத்தார். பிறகும் துடைத்தார். வாங்கிப் பார்த்தார். எழும்பிப் போய்விடப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"இப்பிடித்தான் இருந்தவள்" என்றார். "மூக்கு உம்மட மூக்கு. தலைமயிர் கனக்க இருந்தது."

அவ்வளவுதான். கிணற்றுக் கட்டில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். எங்கள் மகளுக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். அதற்குப் பிறகு அவர் அவளைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இப்போதும் கதைக்கிறார்.

அன்று இருட்ட முன்னர் அவர்தான் அதைக் கண்டார். படத்தின் மூலையில் மங்கலாக ஒரு விரல்நுனி. "இது ஆரின்ரை விரல்?" என்றார். யோசித்துப் பார்த்தபோது விளங்கியது. சுருளுகிற கடதாசி, கொப்பி எடுக்கும்போது அக்கா கண்ணாடியின் மேல் அதை விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார். கொம்பியூட்டரில் கொடுத்தால் விரலை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் கணவர். நான் சம்மதிக்கவில்லை. அந்தத் தாள் இன்றும் அப்படியேதான் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், அடுத்தவரின் பொருளை எதுவரை பிடிக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்று தெரிந்த ஒரு கைக்குள் என் பிள்ளையும் ஒரு நிமிடம் இருந்தாள் என்று நினைத்துக்கொள்வேன்.