பேஸ்பாலில் யார் கெட்டிக்காரர்?

நான் நைட் ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வரும்போது அமெரிக்காவில் பேஸ்பால் சூடுபிடித்திருக்கும். மகள் அங்கே வேலைக்குப் போனதிலிருந்து நானும் மனைவியும் காலை இட்லியோடு அதைப் பார்க்கப் பழகிவிட்டோம்.

போன சீசன் முடிந்ததும் யார் சிறந்த ஆட்டக்காரர் என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்ட நெட்டையன்தான் என்றேன் நான்.

மனைவி முத்தாண்டிக்குப்பத்துக்காரி, விடவில்லை. "அவரு பாதி ஆட்டத்துல அடிக்காமலே திரும்பிட்டாருங்க. பேட்ஸ்மேனுக்குப் பின்னாடி குந்திக்கினே பந்தைப் புடிச்சாரே, அந்த கேட்சர்தான் ஆளு."

தீர்ப்பு கேட்டு மகளுக்கு வீடியோ கால் போட்டோம்.

"நான் ஒரு மேட்ச்கூடப் பாத்ததில்லப்பா," என்றாள்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்த களைப்பில் கேட்சருக்கே விட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.