கூப்பிடுகிறவரின் பெயர்

இல்லை. அந்த நிரல் சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் என்னிடம் அதைத்தான் கேட்கிறீர்கள். தினமும் காலையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்பதற்காகவே மரியபுஷ்பம் அக்கா எழுதிய கணினி நிரல், அவர் இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குச் செய்தி ஒரு படமாக வந்தது. பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். நாங்கள் இருவரும் படித்த கணினிப் பயிற்சி மையத்தின் பயிற்சியாளர் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். லேப்டாப்பின் முன்னால் அக்கா. மையத்தின் விளம்பரத்துக்காகப் போன வருடம் எடுத்த படம். ‘கற்க வயதில்லை’ என்ற வரி அப்படியே இருந்தது. அதன் கீழே ‘வாழ்த்துகள்’ இருந்த இடத்தில் இப்போது ‘கண்ணீர் அஞ்சலி’. எழுத்தின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. மஞ்சள்.

அந்த விளம்பரம் சுவரில் ஒட்டப்பட்ட அன்று அக்கா அதன் முன்னால் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. “வயசு இல்லையாம்லா. அப்போ என் முட்டி யாருக்கு வலிக்குது?”

அவர் எனக்கு ஆசிரியர் அல்ல. நானும் அவருக்கு அல்ல. பக்கத்து நாற்காலி. நான் இலக்கியத்தில் முதுகலை முடித்து, வேலை கிடைக்காமல், கட்டணமில்லாத வகுப்பு என்பதால் போய்ச் சேர்ந்தவள். அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. மாஞ்சோலை மலையில் தேயிலை எஸ்டேட் அலுவலக உதவியாளராக இருந்தவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தோட்டம் மூடப்பட்டு எல்லோரும் மலையிலிருந்து இறங்கியபோது அவரும் இறங்கி, ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார்.

முதல் வாரம் எங்கள் இருவருக்குமே எதுவும் ஓடவில்லை. ஒரு புள்ளி விடுபட்டிருக்கும், ஒரு வரி உள்ளே தள்ளியிருக்கும். திரை சிவந்துவிடும். எனக்கு அழுகை வரும். அக்காவுக்கு வராது. “இதுக்கு ஆபீசர் புத்திட்டி. எங்கன தப்புன்னு சொல்லாது. தப்புன்னு மட்டும் சொல்லும். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்.” ஆபீசர்களைக் கையாண்ட அதே முறையில் அதையும் கையாண்டார். முகத்தைப் பார்க்காமல், திரும்பத் திரும்ப, பைய.

வகுப்பில் ஒரு பையன் அவரிடம் மலையைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னான். பனி, தேயிலை வாசம், அந்த மாதிரி. அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “மேல அட்ட கடிச்சுது. கீழ கொசு கடிக்குது. அட்ட குடிச்சிட்டு விழுந்துரும், அவ்வளவுதான் வித்தியாசம்.” பிறகு யாரும் கேட்கவில்லை. மலை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மலையில் இருந்த ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது.

பெரட்டு. தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் எல்லோரும் ஒரு திடலில் கூடுவார்கள். ஒருவர் பெயர்களைக் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் அன்றைய கூலி உண்டு, பேர் விழுந்தது என்பார்கள். பிந்தி வந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. பல வருடங்களாக அங்கே பெயர் கூப்பிட்டவர் அக்கா. அது அடிமை வேலையின் முதல் மணி என்று நான் ஒருநாள் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படித்த வார்த்தைகள். அவர் மறுக்கவில்லை. “ஆமா. ஆனா எவனாவது ராத்திரி செத்துக் கெடந்தா காலையில தெரிஞ்சிரும்.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்திலிருந்து இறங்கியவர்கள் களக்காட்டுக்கும் கூடங்குளத்துக்கும் திருப்பூருக்குமாகச் சிதறிவிட்டார்கள். தோட்டத்தில் அவர் வீட்டு வரிசையில் இருந்த ஒருவர் திருப்பூரில் வாடகை அறையில் இறந்து, அடக்கமும் முடிந்து, வெகுநாள் கழித்துத்தான் இங்கே தெரிந்தது. அதைக் கேட்ட வாரம் அக்கா வகுப்பில் சேர்ந்தார். சேரும்போது, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். “ஆள் எண்ணணும்” என்றார். பயிற்சியாளர் அதை ‘தரவு மேலாண்மை’ என்று எழுதிக்கொண்டார்.

நிரல் எளிமையானது. காலை ஆறரைக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் அவர்கள் பெயர் சொல்லி ஒரு செய்தி போகும். “வந்தேன்” என்று பதில் எழுத வேண்டும். பத்து மணிவரை எழுதாதவர்களின் பெயர் அக்காவின் திரையில் சிவப்பில் நிற்கும். அவர் போன் செய்வார். அவ்வளவுதான். இதற்கு அவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. கெட்டிக்காரி என்று எழுத எனக்கு ஆசை. இல்லை, அவர் மெதுவானவர். அதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்வார். எழுந்து போகமாட்டார், அது மட்டும்.

ஓடத் தொடங்கிய புதிதில் கூடங்குளம் பக்கத்தில் ஞானம்மா என்ற கிழவியின் பெயர் சிவப்பில் நின்றது. மகன் வேலைக்குப் போயிருந்தான். அக்கா பக்கத்து வீட்டு எண்ணைத் தேடிப்பிடித்து, கதவை உடைக்கச் சொன்னார். குளியலறையில் விழுந்து கிடந்தார் ஞானம்மா. இன்றும் இருக்கிறார். அக்காவின் அடக்கத்துக்கு வந்து முன் வரிசையில் நின்றார்.

பதில் எழுதுவதில் எல்லோரும் விளையாடுவார்கள். களக்காட்டில் வாழைத்தோட்டக் காவலுக்குப் போன இசக்கிமுத்து எப்போதும் பிந்துவார். “யக்கா, பல்லு தேய்க்கேன். அரைப்பேர் போட்டுக்கோ.” அக்கா கையாலேயே திட்டி எழுதுவார். “லே, உனக்குப் பல்லு ஏதுலே மிச்சம்? சீக்கிரம் எந்திரி.” வகுப்பில் உட்கார்ந்து அதைத் தட்டும்போது அவர் தோள் குலுங்கும்.

ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போனார். வரவேற்பில் இருந்தவர், கூட்டிப் பெருக்க ஆள் எடுத்தாயிற்று என்று திருப்பி அனுப்பப் பார்த்தாராம். “நான் கேட்டேன், அப்போ புரோகிராம் எழுதவும் ஆள் எடுத்தாச்சான்னு. அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?” எங்களிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் நிரலைக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார். எல்லோருக்கும் கையால் பதில் எழுதுவானேன், அதையும் கணினியே எழுதட்டும். “வந்தேன்” என்று வந்தால், “பேர் போட்டாச்சு” என்று தானாகப் போகட்டும். அக்கா செய்தார். பிந்துகிறவர்களுக்கான திட்டை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று திரையில் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் கேட்டார். “உங்க பேரையே காணோமே, மேடம்?”

“கூப்பிடுதவ பேரு பெரட்டுல கிடையாது, சார்வாள்” என்றார் அக்கா. வகுப்பு சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார். சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டது.

மாரடைப்பு என்கிறார்கள். சமையலறையில். லேப்டாப் மேசைமேல் திறந்திருந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு எல்லோருக்கும் செய்தி போயிற்று. எல்லோரும் “வந்தேன்” என்றார்கள். எல்லோருக்கும் “பேர் போட்டாச்சு” என்று பதில் வந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. எல்லோரும் இருந்தார்கள். கணக்கு சரியாக இருந்தது.

சந்தேகப்பட்டவர் இசக்கிமுத்து ஒருவர்தான். முதல் நாள் பிந்தினார், சிவப்பில் நின்றார், போன் வரவில்லை. இரண்டாம் நாள் வேண்டுமென்றே பிந்தினார். “வந்தேன்” என்பதோடு வாயில் வந்ததையெல்லாம் எழுதினார். பேருந்து பிடித்து வந்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, பிறகு ஆட்களைக் கூட்டி உடைத்தார். கல்லறையில் எல்லோரும் போனபின் என்னிடம் சொன்னார்: “பதில் வந்துச்சு, தாயி. ஏச்சு வரல.”

மையத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அதே படம், பெரிதாக. விடாமுயற்சி என்றார்கள். முன்மாதிரி என்றார்கள். தேநீரின்போது பயிற்சியாளர் என்னருகில் வந்து, அது ஒரு சின்ன ‘பக்’, நிரல் பிழைதான், அவர் பெயரையும் சேர்த்திருந்தால் போதும், அப்போதே சொன்னேனே என்றார். நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் சொன்னார். அவருக்கான பதிலை இங்கே சொல்கிறேன். அது பிழையல்ல. பெரட்டின் விதி அது. எண்ணுகிறவரை யாரும் எண்ணுவதில்லை. அந்த விதியை அக்கா ஒரு எழுத்துப் பிசகாமல் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார், கணினி ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது. பிழையென்றால் அது நிரலை விடப் பழையது.

படிக்க வயதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். தனியாகச் சாகவும் வயதில்லை. இதை யாரும் சுவரில் ஒட்டமாட்டார்கள்.

லேப்டாப் மையத்துடையது. திருப்பி வாங்கி, எல்லாவற்றையும் அழித்து, அடுத்த வகுப்பினருக்குக் கொடுத்துவிட்டார்கள். விதிமுறை அப்படித்தான். நான் கேட்டபோது மிகவும் மன்னிப்புக் கேட்டார்கள்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இரண்டு. ஒன்று, திரை சிவக்கும்போது என் காதில் கேட்கிற குரல்: “தப்புன்னுதான சொல்லுது, எந்திரிச்சுப் போன்னு சொல்லலியே.” மற்றது, ஒருமுறை எங்கோ சிக்கிக்கொண்டு, பார்த்துச் சொல்லட்டி என்று எனக்கு அனுப்பிய நிரலின் பழைய பிரதி. முழுப் பட்டியலோடு. பயிற்சியாளரின் யோசனைக்கு முந்தையது. அதில் தானாகப் பதில் போகாது. அக்கா சிக்கிய இடத்தில் அது அப்படியே சிக்கி நின்றது.

நான்கு நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். தானாகப் பதில் எழுதும் பகுதியைச் சேர்க்கவில்லை. பட்டியலின் முதல் வரியில் என் பெயரை எழுதினேன். நான் பதில் தராவிட்டால் களக்காட்டில் இசக்கிமுத்துவுக்குச் செய்தி போகும்படி வைத்தேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கு ஓட்டினேன். “வந்தேன்” என்று நானே முதலில் எழுதினேன். ஞானம்மாவுக்காக அவர் மகன் எழுதினான். ஒவ்வொருவராக வந்தார்கள். இசக்கிமுத்து பத்து மணிக்கு மேல் வந்தார்.

திட்டி எழுதினேன்.