டிராகனுக்கு வசனம் இல்லை

டப்பிங் கூடத்தில் அவளை எல்லோரும் ‘வெண்கலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக அழுகிற அம்மாக்களுக்கும் அலறுகிற பேய்களுக்கும் குரல் கொடுத்தவள். தனக்குப் பிடித்த நாவல் படமாகிறது, அதில் வரும் பெண் டிராகனுக்குத் தன் குரல்தான் என்று கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாவலில் அந்த டிராகன், தன் முட்டைகளைத் திருடிய அரசனை நிற்கவைத்து மூன்று பக்கம் கேள்வி கேட்கும். அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

கையில் கொடுத்த தாளில் ஒரே சொல்தான் இருந்தது: உறுமல்.

“சார், இவ பேசுவாளே?” என்று இயக்குநரிடம் கேட்டாள்.

“புத்தகத்துல பேசலாம்மா. படத்துல மிருகம் நெருப்பைக் கக்கினா போதும். அரசன்தான் ஹீரோ.”

“திருடினவன் ஹீரோ, பறிகொடுத்தவ மிருகமா?”

“நேரமாகுதும்மா.”

அவளுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. மைக் முன்னால் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் துள்ளி எழுந்தார். “சூப்பர்மா! இதேதான்! இன்னொரு தடவை!”

அவள் கோபம்கூட அவருக்குச் சரக்காகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். “இன்னொன்னு கிடையாது சார். இப்ப அவ பேசப்போறா.” மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தாள். மைக்கை அணைக்கக் கை நீட்டிய ஒலிப்பதிவாளர் அணைக்காமலே விட்டார்.

படத்தில் அந்த ஒற்றை உறுமலையே ஐந்து இடங்களில் ஒட்டியிருந்தார்கள். அதன்பிறகு அந்தக் கூடத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வரவில்லை. படத்தின் பேச்சை யாராவது எடுத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.