சாரம்மாள் சொன்ன குறைகள்

“அங்கன நிக்காதிய தம்பி, ஓடு விழுந்தாலும் விழும்” என்று சொல்லிக்கொண்டே சாரம்மாள் கைத்தடியால் சுவரைத் தட்டினாள். ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை. “கேட்டியளா? உள்ள பூரா வெறும் மண்ணு.”

வீடு பார்க்க யார் வந்தாலும் இப்படித்தான். வாசலிலேயே தொடங்கிவிடுவாள். விட்டத்தில் கறையான், அடுக்களையில் ஒழுக்கு, கிணற்றில் உப்பு. பாளையங்கோட்டையில் இருபது வருஷம் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டியவள். மிஷன் கொடுத்த குடை இன்னும் ஆணியில் தொங்குகிறது. வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையையும் அந்த ஆணியிலேயே மாட்டிவிடுவாள்.

விற்பது மருமகன் தேவதாசனின் ஏற்பாடு. அவனுக்கு வள்ளியூரில் கருப்பட்டி வியாபாரம். அத்தை தனியாகக் கிடக்க வேண்டாம், விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கட்டும் என்பது அவன் கட்சி. அவள் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. “விக்க மாட்டேன்னா சொல்லுதேன்? உள்ளதச் சொல்லித்தான விக்கணும்?” இதுவரை நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஐந்தாவது ஆள் வேதமுத்து, மராமத்து இலாகா ஓவர்சியர். மூன்று வருஷத்தில் பதினொரு வீடு பார்த்துப் பதினொன்றிலும் குறை கண்டவன். “சொந்தக் கூரைக்குக் கீழதாம்லே கண்ண மூடணும்” என்று சொல்லிக்கொண்டிருந்த அவன் அப்பா, போன ஜூன் மாதம் வாடகை வீட்டில் கண்ணை மூடினார். அதற்குப் பிறகும் வேதமுத்து வீடு பார்ப்பதை நிறுத்தவில்லை.

தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தான். சுவர் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. ரசமட்டத்தைத் தரையில் வைத்தான். குமிழ் நடுவில் நின்றது. ஏணியில் ஏறி விட்டத்தைக் கத்திமுனையால் குத்தினான். தேக்கு இடம் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவது வீட்டில் குறையே இல்லை. அச்சாரப் பணம் சட்டைப்பையில் இருந்தது. அப்பாவின் கட்டிலை எந்த அறையில் போடலாம் என்று நினைத்தான். பிறகு அந்த நினைப்பை விட்டான்.

சாரம்மாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தேவதாசன் வாசலில் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

“மாப்பிள்ள எனக்குன்னு ஒரு மூல ஒதுக்கியிருக்காரு. நல்ல மூலதான்” என்றாள், பைய. “ஆனா இந்த விட்டத்தப் பாத்துக்கிட்டுத்தான் தம்பி எங் கண்ணு மூடணும்.” சட்டென்று நினைவு வந்தவளாக, “கறையான் அரிச்ச விட்டந்தான்” என்று சேர்த்துக்கொண்டாள்.

வேதமுத்து இறங்கிக் கையைத் துடைத்தான். தேவதாசன் உள்ளே வந்தான்.

“எப்படி அண்ணாச்சி? வெலையப் பேசுவமா?”

“விட்டத்துல கறையான். சொவரு பூரா மண்ணு. இதுக்கு ஆளக் கூட்டிக்கிட்டு அலையாதிய.”

“அப்போ அத்த சொன்னதெல்லாம் நெசமா?” தேவதாசன் விட்டத்துக்கு அடியிலிருந்து இரண்டு எட்டு நகர்ந்தான். “இடிஞ்சு விழுந்துருமா வே?”

“விழாது. அவுக காலத்துக்குத் தாங்கும். விக்கத்தான் முடியாது.”

வள்ளியூர் வண்டி கிளம்பிப் போன பிறகு, சாரம்மாள் கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தாள். வேதமுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். ஆற்றுத் தண்ணீர் தோற்றுவிடும்.

“உப்பா தம்பி?”

“வாயில வைக்க முடியல” என்று சொல்லி, காலிச் செம்பை மறுபடியும் நீட்டினான்.